டெங்குவும் தண்ணீர் ட்ரம்மும்: பொதுச் சுகாதாரத்தில் அமைப்புசார் சிந்தனைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் 2012-ஆம் ஆண்டில் 12,826 பேருக்கு டெங்கு உறுதி செய்யப்பட்டது. 66 பேர் இறந்தனர். ஐந்து ஆண்டுகள் கழித்து, 2017-இல், பாதிக்கப்பட்டோர் 23,294 பேர். இறந்தோர் 65 பேர். இந்த இரண்டு அலைகளுக்கும் இடையில் யாரும் கைகட்டி நிற்கவில்லை. கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள், தெருக்களில் புகை மருந்து அடிக்கப்பட்டது, நிலவேம்புக் குடிநீர் வழங்கப்பட்டது, பள்ளிகளில் உறுதிமொழி எடுக்கப்பட்டது. அப்படியும் நோய் முன்னைவிடப் பெரிதாகத் திரும்பி வந்தது. உழைப்பு போதவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன், அந்த உழைப்பு எந்த இடத்தில் செலுத்தப்பட்டது, அந்த இடம் நோயின் போக்கை மாற்றக்கூடிய இடம்தானா என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதற்கான ஒழுங்கான வழிமுறையையே அமைப்புசார் சிந்தனை என்கிறோம்.

இந்த வழிகாட்டி சுகாதார அலுவலர்கள், உள்ளாட்சிப் பிரதிநிதிகள், பொதுச் சுகாதாரம் பயிலும் மாணவர்கள் ஆகியோருக்காக எழுதப்படுகிறது. காசநோய்க்கும் நீரிழிவுக்கும் இதே படிகள் பொருந்தும் என்றாலும், ஒரே நோயை முதலிலிருந்து முடிவுவரை தொடர்ந்தால்தான் முறை கைக்கு வரும் என்பதால் டெங்குவையே எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி: நிகழ்ச்சியை விட்டுவிட்டுப் போக்கைப் பாருங்கள்

"இந்த வாரம் எத்தனை பேர்?" என்ற கேள்வியோடுதான் ஆய்வுக் கூட்டங்கள் தொடங்குகின்றன. அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் எண் உடனடி நடவடிக்கைக்கு உதவும், காரணத்தைக் காட்டாது. ஆகவே முதலில் ஒரு பெரிய தாளை எடுத்து, குறைந்தது பத்து ஆண்டுகளின் மாதவாரி நோயாளி எண்ணிக்கையை ஒரே கோடாக வரையுங்கள். அதற்குக் கீழே, அதே கால அளவில், மழையளவு, குடிநீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வந்தது என்ற கணக்கு, களத்தில் இருந்த பணியாளர் எண்ணிக்கை, புகை மருந்துக்கான செலவு ஆகிய கோடுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரையுங்கள். குடிநீர்க் கணக்கு சுகாதாரத் துறையிடம் இருக்காது. அதைக் கேட்டு இன்னோர் அலுவலகத்துக்குப் போக வேண்டியிருக்கும். அந்த நடையே இந்த வேலையின் தொடக்கம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இப்படி வரைந்து பார்த்தவர்கள் பெரும்பாலும் இரண்டு செய்திகளைக் கவனிப்பார்கள். பணியாளர் எண்ணிக்கையின் கோடு நோயாளிகளின் கோட்டுக்கு முன்னால் போவதில்லை. அதன் பின்னால் ஓடிவருகிறது. டெங்கு மழைக்கால நோய் என்ற எண்ணமும் முழுமையாகச் சரியில்லை. 2012-இல் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் கடையநல்லூர் பகுதியில் காய்ச்சல் பரவியது கோடைக் காலத்தில். மழை இல்லாத மாதத்தில் கொசு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி நம்மை நேராக வீட்டுக்குள் கொண்டுபோகிறது.

இரண்டாம் படி: எல்லையை எங்கே வரைவது என்று முடிவு செய்யுங்கள்

ஒரு பிரச்சினைக்குள் எவையெவை அடங்கும் என்று நாம் போடும் கோடுதான் எந்தத் தீர்வுகள் நம் கண்ணுக்குத் தெரியும் என்பதைத் தீர்மானிக்கிறது. கொசு, கிருமி, நோயாளி என்று மூன்றை மட்டும் உள்ளே வைத்தால் மருந்தும் புகையும்தான் தெரியும். குடிநீர் வழங்கல், குப்பை அகற்றல், கட்டுமானப் பணியிடங்கள், வாடகை வீடுகள், பள்ளிக் கழிப்பறைகள், பழைய டயர்க் கடைகள் ஆகியவற்றை உள்ளே கொண்டுவந்தால் வேறு கதவுகள் திறக்கும்.

இலங்கையின் 2017-ஆம் ஆண்டு அனுபவம் இதற்கு நல்ல பாடம். அந்த ஆண்டு அங்கே 1,86,000-க்கும் மேற்பட்டோர் டெங்குவால் பாதிக்கப்பட்டதாகப் பதிவாயிற்று. ஏப்ரல் 14 அன்று, புத்தாண்டு நாளில், கொழும்புக்கு அருகில் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து வீடுகள் மீது விழுந்தது. குப்பை கொட்ட இடம் இல்லாமல் நகரின் பல பகுதிகளில் குப்பை தேங்கியது. மே மாதத்தில் பெருமழையும் வெள்ளமும் வந்தன. அதுவரை குறைவாகவே காணப்பட்ட இரண்டாம் வகை டெங்கு வைரஸ் அதே காலத்தில் மேலோங்கியது. அதற்கு எதிர்ப்பாற்றல் இல்லாதவர்கள் மக்களிடையே ஏராளமாக இருந்தார்கள். குப்பை, வெள்ளம், வைரஸின் வகை, மக்களின் எதிர்ப்பாற்றல் என்ற இந்த நான்கும் வெவ்வேறு அலுவலகங்களின் கோப்புகள். நான்கையும் ஒரே தாளில் வைத்துப் பார்த்தவருக்கே நடந்தது என்னவென்று விளங்கும்.

எல்லையை விரித்துக்கொண்டே போனால் முடிவே இருக்காது என்பதும் உண்மைதான். நான் கைக்கொள்ளும் அளவுகோல் எளியது: ஒரு காரணியை நீக்கினால் முதல் படியில் வரைந்த கோட்டின் வடிவம் மாறுமா? மாறும் என்றால் அது உள்ளே. மாறாது என்றால் வெளியே.

மூன்றாம் படி: இருப்பு, வரத்து, வெளியேற்றம்

அணையின் நீர்மட்டச் செய்தியைப் படிக்கத் தெரிந்த எவருக்கும் இந்தப் படி புதிதல்ல. அணையில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது என்ற மூன்று எண்களும் சேர்ந்தால்தான் நாளைய நிலவரம் தெரியும். டெங்குவிலும் சில 'அணைகள்' இருக்கின்றன: பாத்திரச் சுவர்களில் ஒட்டியிருக்கும் முட்டைகள், பறக்கும் கொசுக்கள், எதிர்ப்பாற்றல் இல்லாத மக்கள், பயிற்சி பெற்ற பணியாளர்கள். ஐந்தாவதாக, அரசு ஊழியரை வீட்டுக்குள் அனுமதிக்கும் நம்பிக்கை.

இவற்றில் முட்டைகளின் இருப்பைத்தான் நாம் அதிகம் மறந்துவிடுகிறோம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீரின் மீது முட்டையிடுவதில்லை; நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டவைக்கிறது. அந்த முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். மீண்டும் தண்ணீர் ஏறும்போது பொரித்து, ஏழிலிருந்து பத்து நாட்களில் கொசுவாகிவிடும்.

ஒருமுறை, ஒரு சிறு நகராட்சியில், களப்பணியாளர்களுடன் ஒரு வீட்டின் பின்கட்டுக்குப் போயிருந்தேன். நீல நிற பிளாஸ்டிக் ட்ரம் பாதி நிறைந்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தபோது தண்ணீரில் புழுக்கள் நெளிந்து கீழிறங்கின. அதற்கு மூன்று விரல்கடை மேலே, உட்சுவரைச் சுற்றி, மிளகுப் பொடியைத் தூவியதுபோல் கறுப்பாக ஒரு வளையம். அது அழுக்கு இல்லை, முட்டைகள். தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தேங்காய் நாரால் உட்புறம் தேய்க்கும்படி உடன் வந்த பணியாளர் அந்த வீட்டு அம்மாவிடம் சொன்னார். அவர் கோபப்படவில்லை. "கொட்டுறேன் தம்பி. அடுத்த தண்ணி என்னைக்கு வரும்னு மட்டும் சொல்லுங்க" என்றார். எங்களில் ஒருவருக்கும் அதற்குப் பதில் தெரியவில்லை.

டெங்கு ஒழிப்புத் திட்டம் ஒன்றை மதிப்பிட வேண்டுமென்றால் அந்த அம்மா கேட்ட கேள்வியிலிருந்து தொடங்கலாம் என்று அன்று முதல் நம்புகிறேன். புகை மருந்து பறக்கும் கொசுவை மட்டுமே குறைக்கிறது. அதுவும் மருந்துத் துளி மேலே பட்டால்தான். வீட்டுக்குள் கட்டிலடியிலும் தொங்கும் துணிகளுக்கிடையிலும் அமர்ந்திருக்கும் ஏடிஸ் கொசுவைத் தெருவில் போகும் வண்டியின் புகை பெரும்பாலும் எட்டுவதில்லை. ட்ரம்மில் இருக்கும் வரத்தோ அப்படியே தொடர்கிறது. மதகைத் திறந்துவிட்டு, வரும் வெள்ளத்தை அடைக்காமல் அணையின் நீர்மட்டத்தைக் குறைக்க முடியாதல்லவா?

நான்காம் படி: சுழல்களைக் கண்டுபிடியுங்கள்

காரணம் விளைவைத் தருகிறது, விளைவு திரும்பிவந்து காரணத்தையே கூட்டுகிறது அல்லது குறைக்கிறது. இதையே பின்னூட்டச் சுழல் என்கிறோம். அமைப்புசார் சிந்தனையின் உயிர்நாடி இதுதான் என்பதால் இந்தப் படிக்கு மட்டும் ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். காரணிகளைச் சிறு அட்டைகளில் எழுதித் தரையில் பரப்பி, அம்புக்குறிகளால் இணைத்து, ஒவ்வோர் அம்பின்மீதும் 'இது கூடினால் அது கூடும்' அல்லது 'இது கூடினால் அது குறையும்' என்று எழுதுங்கள். அம்புகள் சுற்றிவந்து புறப்பட்ட இடத்திலேயே சேர்ந்தால் அது ஒரு சுழல்.

முதலில் தண்ணீர்ச் சுழல். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாதபோது வீட்டார் அதிகமாகச் சேமிக்கிறார்கள். வசதியுள்ளவர்கள் தரைத்தொட்டி கட்டி, குழாயிலேயே மோட்டார் வைத்து இழுக்கிறார்கள். அதனால் தெருக்கோடியில் அழுத்தம் குறைகிறது. அங்கிருப்பவர்களுக்கு நிச்சயமின்மை இன்னும் கூடுகிறது. அவர்கள் கிடைத்த பாத்திரத்திலெல்லாம் நிரப்பிவைக்கிறார்கள், பழைய தண்ணீரையும் கொட்டத் துணிவதில்லை. இது தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் சுழல். இதில் யாருடைய நடத்தையையும் அறியாமை என்று சொல்லிவிட முடியாது; ஒவ்வொருவரும் தம் நிலையில் அறிவோடுதான் நடந்துகொள்கிறார்கள். விழிப்புணர்வுப் பிரசாரம் மட்டுமே தீர்வு என்று நினைக்கும் இடங்களில் இந்த உண்மை மறைந்துபோகிறது.

அடுத்தது கவனத்தின் சுழல். நோயாளிகள் கூடும்போது செய்தி கூடுகிறது, அரசின் கவனமும் பணமும் ஆட்களும் கூடுகிறார்கள், நோய் குறைகிறது. குறைந்ததும் கவனமும் குறைகிறது, தற்காலிகப் பணியாளர்கள் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். முட்டைகள் காய்ந்த சுவர்களில் காத்திருக்கும் மாதங்களில்தான் களம் காலியாக இருக்கிறது. நிலையைச் சமன்படுத்த முயலும் ஒரு சுழல் தாமதத்தோடு இயங்கினால் ஏறுவதும் இறங்குவதுமாக ஆடிக்கொண்டே இருக்கும். முதல் படியில் நீங்கள் வரைந்த கோட்டின் அலைகளில் ஒரு பகுதி மழையால் வந்ததென்றால், இன்னொரு பகுதி நம்முடைய இந்தப் பழக்கத்தால் வந்தது.

மூன்றாவது சுழலைச் சொல்வது சற்று சங்கடமானது. புகை வண்டி கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்குக் கேட்கிறது. அதைப் பார்த்த மக்களுக்கும், அதை அனுப்பிய நிர்வாகத்துக்கும் வேலை நடந்துவிட்டது என்ற மனநிறைவு வருகிறது. அந்த மனநிறைவு ட்ரம்மைத் தேய்க்கும் அவசரத்தையும் குழாய்த் தண்ணீரை ஒழுங்குபடுத்தும் அழுத்தத்தையும் குறைத்துவிடுகிறது. ஒரே வகை மருந்தைத் தொடர்ந்து பயன்படுத்தினால் அதற்குப் பழகிய கொசுக்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பெருகும். புகையின் பயன் குறைய, மேலும் புகை கேட்கப்படும்.

நான்காவது சுழலுக்குச் சிங்கப்பூர்தான் சான்று. 1970-களின் தொடக்கத்திலிருந்து அங்கே வீடுகளில் கொசுப்புழு காணப்படும் விகிதம் சுமார் 2 சதவீதத்துக்குக் கொண்டுவரப்பட்டது. ஏறத்தாழ 15 ஆண்டுகள் டெங்கு அடங்கியிருந்தது. பிறகு, புழுக்களின் விகிதம் குறைவாகவே இருந்தபோதிலும் நோய் திரும்பியது. 2005-இல் 14,000-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். நோய் பரவாத ஆண்டுகளில் வளர்ந்த தலைமுறைக்கு எதிர்ப்பாற்றல் இல்லை. ஆகவே மிகக் குறைந்த கொசுக்களே பெரும் பரவலுக்குப் போதுமாயின. வீட்டுக்கு வெளியே, பணியிடங்களிலும் பள்ளிகளிலும் தொற்று நடந்ததும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. கொசுக் கட்டுப்பாடு வீண் என்பது இதன் பொருளல்ல. அந்தக் கட்டுப்பாடு எட்டிய வெற்றி, எதிர்ப்பாற்றல் இல்லாதோரின் இருப்பைச் சத்தமில்லாமல் நிரப்பிக்கொண்டிருந்தது. அந்த இருப்பையும் தொடர்ந்து அளந்துவர வேண்டும்.

ஐந்தாம் படி: தாமதங்களை நாட்கணக்கில் எழுதுங்கள்

கொசு ஒரு நோயாளியைக் கடித்த பிறகு, வைரஸ் அதன் உடலில் பெருகி உமிழ்நீரை அடைய 8 முதல் 12 நாட்கள் ஆகும். அது அடுத்தவரைக் கடித்தபின் காய்ச்சல் தெரிய 4 முதல் 10 நாட்கள். மாத்திரை போட்டுப் பார்த்துவிட்டு மருத்துவமனைக்கு வர இரண்டு மூன்று நாட்கள். காய்ச்சலின் முதல் ஐந்து நாட்களுக்குள் என்றால் இரத்தத்தில் வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 பரிசோதனை, அதன் பிறகு என்றால் உடல் உண்டாக்கிய எதிர்ப்புப் புரதத்தைத் தேடும் ஐ.ஜி.எம். பரிசோதனை, அதன்பின் அறிக்கை. கூட்டிப் பாருங்கள்: கொசுவுக்குக் கிருமி ஏறிய நாளுக்கும் ஆட்சியரின் மேசைக்கு எண் வந்துசேரும் நாளுக்கும் இடையில் ஏறத்தாழ மூன்று வாரங்கள். அதற்குள் கொசுவின் இரண்டு தலைமுறைகள் பிறந்துவிடும். நோயாளி எண்ணிக்கையைப் பார்த்து ஓடுபவர் என்றும் மூன்று வாரம் பின்னால்தான் ஓடுவார். ஆகவே எச்சரிக்கை மணியை மேலே நகர்த்த வேண்டும்: காய்ச்சல் வருகைப் பதிவு, புழுக்கணக்கு, குடிநீர் இடைவெளி நீண்ட தெருக்களின் பட்டியல் ஆகியவை முன்கூட்டியே பேசும் எண்கள்.

ஆறாம் படி: வரைபடத்தைத் தெருவில் சோதியுங்கள்

அறைக்குள் வரைந்த படம் அழகாகவே இருக்கும். அதைக் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளரிடமும், தண்ணீர் திறந்துவிடும் ஊழியரிடமும், குடும்பத் தலைவியரிடமும், ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரிடமும் எடுத்துச்சென்று "இதில் எது தப்பு?" என்று கேளுங்கள். தண்ணீர் திறந்துவிடும் ஊழியர் ஒரே வாக்கியத்தில் உங்கள் இரண்டு அம்புகளை அழித்துவிடுவார். பிறகு கணினி விரிதாளில் எளிய கணக்காக இயக்கிப் பாருங்கள். உங்கள் படம் கடந்த பத்து ஆண்டுகளின் அலைகளைத் தோராயமாகவேனும் திரும்பக் காட்டவில்லை என்றால், ஒரு முக்கியமான சுழல் விடுபட்டிருக்கிறது.

ஏழாம் படி: எங்கே கை வைப்பது

தலையிடக்கூடிய இடங்கள் எல்லாம் ஒரே வலிமை உடையவை அல்ல. மருந்தின் அளவு, வண்டிகளின் எண்ணிக்கை, ஆட்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கூட்டிக் குறைப்பது எளிது. அமைப்பின் போக்கை அது அதிகம் மாற்றாது. தகவல் யாருக்குப் போகிறது, விதி என்ன, இலக்காக எதை அளக்கிறோம் என்ற மூன்றும் அதைவிட ஆழமானவை.

தகவலிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் அதுவே மலிவானது. தண்ணீர் வரும் நாளையும் நேரத்தையும் முதல் நாளே தெருவாரியாகக் கைபேசிக் குறுஞ்செய்தியிலோ ஒலிபெருக்கியிலோ அறிவித்து, அந்த அறிவிப்பைத் தவறாமல் காப்பாற்றினால், பழைய தண்ணீரைக் கொட்டுவதற்கு வீட்டாருக்குத் துணிவு வரும். ஒரு துளித் தண்ணீரும் கூடுதலாக வழங்காமலேயே சேமிப்பின் நாட்களைக் குறைக்கும் வழி இது. தவறிப்போனால் பழையபடி நிலைமை மோசமாகும் என்பதால், காப்பாற்ற முடிந்த அளவுக்கு மட்டும் அறிவியுங்கள்.

அளவீட்டைப் பொறுத்தவரை, 'இன்று எத்தனை வீடு பார்த்தாய்' என்று கேட்டால் பணியாளர் வீடுகளைக் கூட்டிக் காட்டுவார். அது அவருடைய தவறல்ல. கூட்டுப்புழுக்கள் எந்த வகைப் பாத்திரத்தில் அதிகம் இருக்கின்றன என்று கேளுங்கள். கொசுவாக மாறுவதற்கு ஓரடி முன்னால் இருப்பது கூட்டுப்புழு என்பதால், அந்தக் கணக்கு உண்மையான வரத்துக்கு மிக அருகில் இருக்கிறது. பல ஊர்களில் ஓரிரு வகைப் பாத்திரங்களே பெரும்பகுதிக் கொசுக்களை உண்டாக்குகின்றன. அந்த வகைக்குச் சரியாகப் பொருந்தும் மூடியோ நாடா வைத்துத் தைத்த துணி மூடியோ வழங்குவது, எல்லாத் தேங்காய்ச் சிரட்டைகளையும் துரத்துவதைவிடப் பயன் தரும்.

விதிகளுக்கு நம்மிடம் பழைய ஆயுதம் உண்டு. 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் கொசு வளரும் இடங்கள்மீது நடவடிக்கை எடுக்கச் சுகாதார அலுவலருக்கு அதிகாரம் அளிக்கிறது. கட்டுமானப் பணியிடங்களிலும் வணிக வளாகங்களிலும் அதைக் கண்டிப்புடன் பயன்படுத்தலாம் என்பது என் கருத்து. ஆனால் தண்ணீர் கிடைக்காததால் சேமித்தவர்மீது அபராதம் விதித்தால், அடுத்த முறை கதவு திறக்காது. நம்பிக்கை என்ற இருப்பு வடிய ஒரு நாள் போதும், நிரம்பப் பல ஆண்டுகள் ஆகும்.

எட்டாம் படி: உங்கள் தீர்வு என்னென்ன கெடுதல் செய்யக்கூடும் என்று முன்கூட்டியே எழுதுங்கள்

பிலிப்பைன்ஸில் 2016-இல் டெங்வாக்சியா என்ற டெங்கு தடுப்பூசி பள்ளி மாணவர்களுக்குப் போடத் தொடங்கப்பட்டு, எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அதைப் பெற்றார்கள். முன்பு டெங்கு வராதவர்களுக்கு இந்தத் தடுப்பூசி போட்டபின் தொற்று ஏற்பட்டால் நோய் கடுமையாகக்கூடும் என்று 2017 நவம்பரில் தயாரிப்பு நிறுவனமே அறிவித்தது, திட்டம் நிறுத்தப்பட்டது. சேதம் டெங்குவோடு நிற்கவில்லை. தடுப்பூசிகள் முக்கியம் என்று உறுதியாக ஒப்புக்கொண்டோர் 2015-இல் 93 சதவீதம். 2018-இல் 32 சதவீதம். 2019-இல் அங்கே தட்டம்மை பெருமளவில் பரவியது. ஒரு நோய்க்கான கொள்கை இன்னொரு நோயின் அணையைத் திறந்துவிட்டது.

ஆகவே எந்த முடிவையும் கையெழுத்திடும் முன், அது தவறாகப் போகக்கூடிய மூன்று வழிகளையும், ஒவ்வொன்றின் முதல் அறிகுறியையும், அந்த அறிகுறி தெரிந்தால் யார் நிறுத்த வேண்டும் என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கோப்பில் சேருங்கள்.

ஒன்பதாம் படி: சிறிதாகச் செய்து, உண்மையாக ஒப்பிட்டு, பிறகு விரியுங்கள்

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் கொசுவின் உடலில் டெங்கு வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் வோல்பாக்கியா என்ற நுண்ணுயிரி ஏற்றிய ஏடிஸ் கொசுக்களை விடுவதற்கு முன், நகரை 24 பகுதிகளாகப் பிரித்து, குலுக்கல் முறையில் 12 பகுதிகளில் மட்டும் விட்டார்கள். அந்தப் பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைவாக இருந்தது என்று 2021-இல் வெளியான முடிவுகள் காட்டின. அந்த எண்ணை நம்ப முடிவதற்குக் காரணம், ஒப்பிடுவதற்கு மற்ற 12 பகுதிகள் இருந்ததுதான். தண்ணீர் அறிவிப்பையும் இவ்வாறே சோதிக்கலாம். இருபது வார்டுகள் உள்ள ஒரு நகராட்சி, குலுக்கிப் போட்ட பத்து வார்டுகளில் தொடங்கி, ஒரு முழு ஆண்டு கூட்டுப்புழுக் கணக்கையும் காய்ச்சல் பதிவையும் இரு பக்கமும் எடுக்கலாம். ஒரு மழைக்காலத்தோடு நிறுத்திவிடாதீர்கள். கோடையும் கணக்கில் வர வேண்டும்.

முதல் கூட்டத்தை மார்ச் மாதத்திலேயே கூட்டுங்கள், நோயாளி எண்ணிக்கை மிகக் குறைவாக இருக்கும்போதே. குடிநீர்ப் பொறியாளரை முதல் வரிசையில் அமர்த்துங்கள். மேசையின்மேல் பத்து ஆண்டுக் கோடுகள் வரைந்த அந்தத் தாளும், முட்டை வளையம் ஒட்டிய ஒரு ட்ரம்மின் வெட்டிய துண்டும் இருக்கட்டும். நிகழ்ச்சி நிரலின் முதல் வரியாக அந்த அம்மாவின் கேள்வியை எழுதுங்கள்: அடுத்த தண்ணீர் என்றைக்கு வரும்?